ஞானஜோதி தமிழில் சொன்ன அரபிப் படம்

ஞானஜோதி சிஸ்டருக்கு மைக்கைக் கண்டால் பயம் கிடையாது. பயமெல்லாம் மைக் இல்லாத இடத்தில்தான். வீட்டில் நாலு பேர் முன்னால் மனதில் உள்ளதைச் சொல் என்றால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதே ஆள், சேலையூரில் அவள் போகும் சபையில் வெளிநாட்டுப் பிரசங்கியார் யாராவது வந்து மேடையேறினால், பக்கத்தில் நின்று அவர் இங்கிலீஷில் பேசுவதையெல்லாம் தமிழில் பொழிந்து தள்ளுவாள். அவர் கையை உயர்த்தினால் இவள் கையும் உயரும். அவர் குரல் தழுதழுத்தால் இவள் குரலும் தழுதழுக்கும். அவர் மேசையைத் தட்டினால் இவளுக்குத் தட்ட மேசை இல்லாததால் பைபிளைத் தட்டுவாள்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் 'நான்' என்றால் இவளும் 'நான்'. ஒருமுறை நெட்டையான போதகர் ஒருவர் பிரசங்கத்தின் நடுவில் தன் காதல் கதையை எடுத்துவிட்டார். "அந்த ரயில் நிலையத்தில்தான் என் மனைவியை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததுமே மனதைப் பறிகொடுத்தேன்" என்று, வெள்ளைச் சேலையில் நின்ற ஞானஜோதி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கணவர் சத்தியநாதன்தான், "உன் பொண்டாட்டி எப்படி இருக்காங்க?" என்று ஒரு வாரம் கேட்டுக் கேட்டுக் கேலி செய்தார். பாவம், அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது.

கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் வேலைக்கென்று குவைத்துக்கு விமானம் ஏறியவள் ஞானஜோதி. தனியாக. அதுவரை தாம்பரத்தைத் தாண்டி அவள் தனியாகப் போயிருந்தது செங்கல்பட்டு வரைக்கும்தான். பிறகு கல்யாணம் முடிந்து சத்தியநாதனும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டார். மகள் அபிகாயில் அங்கேதான் பிறந்தாள், நான்காம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள். கீழ்வீட்டில் ஓர் எகிப்துக் குடும்பம். அம்மா வார்டில் நோயாளிகளோடு பேசிக் கற்ற அரபியை மகள் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டுக் கற்றாள். சண்டை போட்டுக் கற்ற பாஷை லேசில் மறக்காது.

குவைத்திலிருந்து திரும்புகிறவர்கள் போர்வை கொண்டுவருவார்கள், செண்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். அதெல்லாம் இவர்களும்தான் கொண்டுவந்தார்கள். கூடவே இந்தப் பாஷையும் வந்துவிட்டது. மாடம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு அது அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டுமான ரகசிய வழியாகிப் போயிற்று. குரோம்பேட்டையில் ஜவுளிக்கடைக்காரர் புடவையை விரித்துப் போட்டு வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருப்பார். இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே, 'சாயம் போகும், எழுந்திரு' என்று அரபியில் முடித்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் பிரியாணி சரியில்லை என்பதும், வந்திருக்கும் விருந்தாளி இப்போது கிளம்பினால் தேவலை என்பதும் அதில்தான். சத்தியநாதன் இறந்த அன்று வீடு கொள்ளாமல் ஆட்கள் இருந்தபோது, மகள் அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாளே, அதுவும் அதில்தான். என்ன சொன்னாள் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

இப்போது அந்த வீட்டில் அரபி பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தமிழும் அவ்வளவு தாராளமாகப் புழங்கவில்லை.

விஷயம் இதுதான். அபிகாயிலுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மாடம்பாக்கத்திலிருந்து கிளம்பி மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரும்போது பாதி உயிர் போய்விடும், திரும்பி வரும்போது மீதி. ஆபீஸ் பக்கத்திலேயே சின்னதாக ஒரு ஃப்ளாட் பார்த்திருப்பதாகச் சாப்பிடும்போது ஒருநாள் சொன்னாள்.

"யார் கூட?" என்றாள் ஞானஜோதி.

"யார் கூடயும் இல்லம்மா. தனியாத்தான்."

"கல்யாணம் ஆகாத பொண்ணு தனியா வீடு எடுத்துத் தங்கினா சர்ச்ல என்ன பேசுவாங்க?"

"நீ குவைத் போனப்ப என்ன பேசினாங்க?"

"நான் வேலைக்குப் போனேன்டி."

"நானும் வேலைக்குத்தாம்மா போறேன்."

மகள் சொன்னதில் நியாயம் இருந்ததால்தான் ஞானஜோதிக்குக் கோபம் தலைக்கேறியது. நியாயம் நம் பக்கம் இருந்தால் நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. அவள் அதைச் செய்தாள். சபை பேசும் என்பதெல்லாம் சும்மா. உள்ளே இருந்த பயம் வேறு. அவளும் ஒருகாலத்தில் வீட்டை விட்டுப் போனவள்தானே? போகிறவர்களுக்குப் பிறந்த வீடு எவ்வளவு சீக்கிரம் லீவுக்கு வந்துபோகும் இடமாகிவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை வாய் திறந்து மகளிடம் சொல்ல அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சாமான் ஏற்றத் திங்கட்கிழமைக்கு டெம்போ சொல்லியாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் லக்ஷ்மிநாராயணன் சார் வந்து கதவைத் தட்டினார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலனி ஹாலில் மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டு, முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வைப்பார். பேச வைப்பார் என்றால் அவர் பேசுவார்.

"சிஸ்டர், ஒரு தர்மசங்கடம். இந்த ஞாயித்துக்கிழமைக்கு அரபிப் படம் அறிவிச்சுட்டேன். ஒரு பெரிய நகரம் எப்படி மாறிப் போறது, அதுல மனுஷா எப்படி மாறிப் போறான்னு அருமையா எடுத்திருக்கான். ஆனா வந்திருக்கிற காப்பியில கீழ பிரெஞ்சு எழுத்துதான் ஓடறது. நம்ம காலனியில பிரெஞ்சுக்கு எங்க போறது? நீங்க குவைத்ல இருந்தவா, அரபி தெரியும். சர்ச்ல பண்றேளே, அது மாதிரி பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லிட முடியுமா?"

"சினிமாவுக்கா சார்?"

"ஒரு தடவை முன்னாடியே பார்த்துடுங்கோ. என் பேரன் கேஷவ்கிட்ட லேப்டாப் கொடுத்து அனுப்பறேன்."

ஞானஜோதி தப்புப் பண்ணியது இங்கேதான். "பிரசங்கியார்லாம் என்ன பேசப் போறேன்னு முன்னாடியே சொல்லிட்டா சார் பேசறாங்க? ஓடட்டும், நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். இத்தனை வருடம் மேடையில் ஒரு வார்த்தை தவறவிடாதவள் என்கிற மிதப்பு. வீட்டில் யாரும் பேசாத நேரத்தில் யாரோ ஒருவர் வந்து உன்னால்தான் முடியும் என்று சொன்ன சந்தோஷமும் இருந்திருக்கும்.

ஞாயிறு சாயந்திரம் ஹால் நிறைந்துவிட்டது. படத்துக்காக வந்தவர்களைவிட, சிஸ்டர் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று பார்க்க வந்தவர்கள் அதிகம். முன்வரிசையில் அடுத்த வீட்டுக் காமு மாமி. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் முனிரத்தினம் ஜன்னல்களுக்குத் திரை இழுத்துவிட்டு ஸ்விட்ச் பக்கத்தில் நின்றான். கேஷவ் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்தான். ஞானஜோதி திரைக்கு ஓரமாக, கையில் மைக்கோடு.

முதல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிரசங்கியார் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், சினிமாக்காரர்கள் நிறுத்தவே மாட்டார்களே. பிறகு பிடி கிடைத்துவிட்டது. கெய்ரோவில் ஒரு பழைய கட்டடம். அதில் ரிட்டயர் ஆன ஒரு விதவை டீச்சர், வேலைக்குப் போகும் மகள். சுற்றிலும் வீடெல்லாம் ஆபீசாகவும் காபிக் கடையாகவும் மாறுகிறது. ஊருக்கு வெளியே பாலைவனத்தில் புது நகரம் எழும்புகிறது, வசதி உள்ளவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். கட்டடத்து வாசலில் காலங்காலமாகக் காவல் இருந்தவரை அனுப்பிவிட்டு நம்பர் அழுத்தித் திறக்கிற பூட்டைப் போடுகிறார்கள். "இந்தப் படியில் ஏறின ஒவ்வொருத்தர் செருப்புச் சத்தமும் எனக்குத் தெரியும் ஐயா" என்று ஞானஜோதி காவல்காரரின் குரலில் சொன்னபோது, இருட்டில் முனிரத்தினம் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"அப்போ அந்தாளு இனிமே எங்க போவாரு? இன்னாய்யா இது அநியாயமா கீது!"

"ஷ்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து மூடியது. கடைசி வரிசையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரையின் வெளிச்சம் கூடியபோது பார்த்தாள், அபிகாயில். வீட்டில் அம்மா வாயைத் திறப்பதில்லை. மறுநாள் டெம்போ வந்துவிடும். மைக்கிலாவது அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள் பெண்.

திரையில் அந்த மகள் கையில் பெட்டியோடு வாசலில் நின்றாள். அவள் ஆபீஸ் புது நகரத்துக்குப் போய்விட்டது, பஸ்ஸிலேயே அவள் நாள் கழிகிறது. அங்கேயே தனியாக ஒரு வீடு எடுத்திருக்கிறாள். அக்கம்பக்கம் மென்று துப்புகிறது. "நான் போயிட்டு வரேன்மா" என்றாள். ஞானஜோதியும் "நான் போயிட்டு வரேன்மா" என்றாள். இவளுக்கென்று எங்கே இருந்து பிடித்தார்கள் இந்தப் படத்தை?

படத்து அம்மா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அரபியில் நிதானமாகச் சொன்னாள். "போய் வா. உன் வயசில் நான் இப்படிக் கேட்டிருந்தால் என் அம்மா கதவைப் பூட்டியிருப்பாள். நான் பூட்டமாட்டேன். சாவியை நீயே வைத்துக்கொள். எந்த நேரம் வந்தாலும் நீ தட்டக் கூடாது."

இதைத்தான் சொல்ல வேண்டும். 'நான்' என்று சொல்ல வேண்டும். 'நான் பூட்டமாட்டேன்' என்று, கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருக்க, ஊரே கேட்க. ஞானஜோதியின் வாய் திறந்தது. வந்தது வேறு.

"போறதுன்னா போ. உன் வயசுல நான் எங்கம்மா பேச்சை மீறினதே இல்ல. சாவியை இங்க வெச்சிட்டுப் போ. போனா, திரும்பி இந்தப் படி ஏறாத."

ஹாலில் பெருமூச்சு எழுந்தது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். அத்தனை பேரில் அரபி தெரிந்த இன்னொருத்தி கடைசி வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு காதிலும் இரண்டும் விழுந்தன. படத்து அம்மா சொன்னதும், தன் அம்மா சொன்னதும்.

திரையில் படத்து அம்மா மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"திட்டிட்டு எதுக்குடீம்மா கட்டிண்டு அழறா?" என்றாள் காமு மாமி.

"அது அந்த ஊர்ப் பண்பாடு" என்று லக்ஷ்மிநாராயணன் விளக்கினார்.

ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டால் அது தனியாக நிற்காது. அடுத்த காட்சியில் மகள் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு ஜாலியாக உள்ளே வந்தாள், கையில் பலகாரப் பொட்டலம். "சாவியை வெச்சிட்டுப் போகச் சொன்னாங்களே, எப்படித் திறந்தா?" என்று கேஷவே கேட்டான். ஞானஜோதி, மகள் பேசாததைப் பேசினாள். "இன்னொரு சாவி செஞ்சு வெச்சிருந்தேன்மா." படத்து அம்மா கலகலவென்று சிரித்தாள். "நெஞ்சு எரியுது எனக்கு" என்றாள் ஞானஜோதி. சிரிக்கிற முகத்துக்கு இந்த வசனமா என்று ஹால் குழம்பியது. அவள் நெஞ்சு எரிந்தது என்னவோ நிஜம். பண்பாடு என்று சொல்லிச் சமாளிக்க லக்ஷ்மிநாராயணனிடமும் சரக்கு தீர்ந்துவிட்டது.

அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கடைசி வரிசையையே பார்த்தாள். அங்கே அபிகாயில் எழுந்து நின்றாள், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள், பையைத் தோளில் மாட்டினாள். கதவை நோக்கி நடந்தாள். அந்த நடை ஞானஜோதிக்குத் தெரியும். அது கோபத்தில் போகிற நடை இல்லை. கோபமென்றால் தங்குதங்கென்று போவாள், நாளைக்குச் சரியாகிவிடும். இது தீர்த்துக்கொண்டு போகிற நடை. இப்படியே போய்விட்டால், கடைசியாக அம்மா சொன்னது 'படி ஏறாதே' என்பதுதான் என்று அந்தப் பெண்ணின் மனதில் நின்றுவிடும்.

மைக் மௌனமானது. அரபி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மைக்கு பேஜார் பண்ணுது போல" என்று முனிரத்தினம் ஓடி வந்தான்.

"மைக் நல்லாத்தான் இருக்கு முனிரத்தினம்" என்றாள். பிறகு மைக்கிலேயே சொன்னாள். "கேஷவ், கொஞ்சம் பின்னாடி போப்பா. அந்த வாசல் சீனுக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

ஹால் திரும்பிப் பார்த்தது. சபையில் ஒரு நாளும் இந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை.

"எது தப்பு சிஸ்டர்?" என்றார் லக்ஷ்மிநாராயணன். ஒரு படத்தையே தலைகீழாகப் புரிந்துகொண்டு நடுவில் எழுந்து விளக்கமும் சொல்லிவிட்டவரின் கவலை அவர் குரலில் தெரிந்தது.

"அந்தம்மா அப்படிச் சொல்லல சார். நான்தான் சொன்னேன்."

கதவின் கைப்பிடியில் இருந்த கை அப்படியே நின்றது. கேஷவ் படத்தைப் பின்னால் ஓட்டினான். பலகாரப் பொட்டலம் திரும்பிப் போயிற்று, மகள் பின்பக்கமாக நடந்து வெளியே போனாள், மறுபடியும் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். போயிட்டு வரேன்மா என்றாள்.

படத்து அம்மா வாய் திறந்தாள். ஞானஜோதி திரைப்பக்கம் திரும்பவே இல்லை. ஹாலின் கோடியில், கதவோரம் நிற்கிற நிழலைப் பார்த்தே சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், வார்டில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள் மாதிரி, அவசரமில்லாமல்.

"போய்ட்டு வா. உன் வயசுல நான் இப்படிக் கேட்டிருந்தா எங்கம்மா கதவைப் பூட்டியிருப்பாங்க." இந்த இடத்தில் நிறுத்தினாள். படத்து அம்மா சொன்னது அவள் கதை. இவள் அம்மா பூட்டவில்லையே! மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரைக்கும் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாளே. அதை இத்தனை நாள் எங்கே வைத்து மறந்திருந்தாள்? கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை போதவில்லை, இன்னொன்றில் மைக். "நான் பூட்டமாட்டேன். சாவியை நீயே வெச்சுக்கோ. எந்த நேரம் வந்தாலும் நீ தட்டக் கூடாது."

திரையில் இப்போது மகள் பேசவில்லை. அந்தக் காட்சியில் அவளுக்கு வசனமே கிடையாது. அம்மாவைப் பார்த்தபடி நிற்கிறாள், உதடுகள் இறுக மூடியிருக்கின்றன.

அப்போது அரபி கேட்டது. பெண் குரல். கொஞ்சம் பின்னாலிருந்து, இருட்டிலிருந்து. ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல், சண்டை போட்டுக் கற்ற அந்த எகிப்து அரபியில். ஹால் அதைப் படமென்றே நினைத்தது.

ஞானஜோதியின் கையில் மைக் இருக்கிறது, காதில் ஒரு வாக்கியம் விழுந்திருக்கிறது. அவள் அதைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும். சொன்னாள், சட்டப்படி, 'நான்' என்றே.

"நாளைக்கு நீயும் கூட வாம்மா. நீ வந்து ஜெபம் பண்ணாம, அந்த வீட்டுல நான் எப்படித் தூங்குவேன்?"

"அவ வாயே அசையலையே!" என்றாள் காமு மாமி.

"மனசுக்குள்ள பேசறா மாமி" என்றார் லக்ஷ்மிநாராயணன். இந்த முறை அவர் அவ்வளவு தப்பாகச் சொல்லிவிடவில்லை.

கேஷவ் திரையைப் பார்ப்பதும் பின்னால் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தான். முனிரத்தினம் ஸ்விட்ச்சில் கை வைத்தான், விளக்கைப் போடவில்லை. ஞானஜோதி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பக்கத்தில் நின்று பேச யாரும் இல்லை. படத்து அம்மாவும் அந்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை.

"வரேன்டி" என்றாள்.